கரும்பும் பீட்டும்: சர்க்கரையைச் சுற்றி எழுந்த சுங்கச்சுவர்கள்

ஐரோப்பாவின் குளிரில் கரும்பு விளையாது. பதினெட்டாம் நூற்றாண்டு முடியும்வரை அந்தக் கண்டம் தின்ற சர்க்கரை பெரும்பாலும் கரீபியன் தீவுகளிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் கப்பலேறி வந்தது. கரும்பை வெட்டிப் பிழிந்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள். 1747-ல் பெர்லினைச் சேர்ந்த ஆண்ட்ரியாஸ் மார்க்கிராஃப் என்ற வேதியியலர், கரும்பில் இருக்கும் அதே சர்க்கரைதான் பீட் கிழங்கிலும் இருக்கிறது என்று கண்டறிந்தார். அவருடைய மாணவர் ஃபிரான்ஸ் ஆஹார்ட், பிரஷ்ய மன்னரின் பண உதவியோடு சைலீசியாவின் குனெர்ன் என்ற ஊரில் முதல் பீட் சர்க்கரை ஆலையை அமைத்தார். 1802-ல் அங்கே அரவை தொடங்கியது. கிழங்கில் சர்க்கரை குறைவு, செலவு அதிகம். சந்தையை மட்டும் நம்பியிருந்தால் அந்தத் தொழில் ஆய்வுக்கூட வாசலைத் தாண்டியிருக்காது.

அதைத் தாண்ட வைத்தது போர். 1806-ல் நெப்போலியன் பிரிட்டிஷ் சரக்குகளுக்கு ஐரோப்பியத் துறைமுகங்களை மூடினார். பிரிட்டிஷ் கடற்படை பதிலுக்குப் பிரான்சின் கடல்வழிகளை அடைத்தது. அதற்கு முன்பே, பிரான்சின் மிகப் பெரிய சர்க்கரைக் களஞ்சியமாக இருந்த செயின்ட் டொமிங்க் குடியேற்றம், இன்றைய ஹைட்டி, அடிமைகளின் புரட்சியால் கைநழுவிப் போயிருந்தது. சர்க்கரை விலை ஏறவே, 1811 மார்ச்சில் 32,000 ஹெக்டேரில் பீட் பயிரிடும்படி நெப்போலியன் ஆணையிட்டார். மறு ஆண்டு ஜனவரியில் பாரிஸை ஒட்டிய பாஸி என்ற இடத்தில் பெஞ்சமின் டெலசேர் நடத்திய ஆலையில் வெள்ளைச் சர்க்கரை கட்டியாக இறங்கியது. பேரரசர் நேரில் வந்து, தன் மார்பில் இருந்த பதக்கத்தையே கழற்றி டெலசேருக்குக் குத்தினார் என்று பிரான்சில் சொல்வார்கள். 1815-ல் போர் முடிந்து கரும்புச் சர்க்கரை திரும்பி வந்ததும் அந்த ஆலைகளில் பெரும்பாலானவை மூடப்பட்டன. ஆனால் தொழில்நுட்பம் அழியவில்லை, அதில் பணம் போட்டவர்களின் குரலும் ஓயவில்லை. சுங்கவரியின் நிழல் கிடைத்தால் பீட் பிழைக்கும் என்பது தெரிந்துவிட்டது. அடுத்த இருநூறு ஆண்டுகளில் சர்க்கரையைப் பற்றி நாடுகள் செய்த சட்டங்களும் உடன்படிக்கைகளும் அந்த நிழலைக் கூட்டவோ குறைக்கவோ எழுந்தவை.

வரி விகிதம் ஒன்றை மாற்றினால் கடலுக்கு அப்பால் எவ்வளவு மாறும் என்பதற்கு மொரீஷியஸ் பழைய சான்று. பிரிட்டனுக்குள் வரும் மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரைக்குக் குறைந்த வரியும் மற்றவற்றுக்குக் கூடுதல் வரியும் இருந்த காலத்தில், 1825-ல் மொரீஷியஸ் சர்க்கரையும் குறைந்த வரிப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அங்கே காடுகள் அழிந்து கரும்பு நிலம் பல மடங்கு பெருகியது. 1835-ல் அடிமை முறை ஒழிந்தபோது ஆள் தேவைப்பட்டது. கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் பம்பாயிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் ஏற்றிச் செல்லப்பட்டனர். 1834 முதல் 1910 வரை அப்படிப் போனவர்கள் ஏறத்தாழ நாலரை லட்சம் பேர். கரும்பு நடுவதற்காக அவர்கள் பெயர்த்தெடுத்துக் குவித்த எரிமலைக் கற்கள், வயல்களுக்கு நடுவே கூம்புகளாக இன்றும் நிற்கின்றன. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பனில் போய் இறங்கிய ட்ரூரோ கப்பலில் இருந்தவர்களும் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்காகக் கொண்டுபோகப்பட்டவர்களே.

1846-ல் பிரிட்டன் எதிர்த்திசையில் நடந்தது. எந்த நாட்டுச் சர்க்கரைக்கும் ஒரே வரி என்ற நிலையைப் படிப்படியாகக் கொண்டுவரச் சட்டம் இயற்றியது. தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்த அதே நாடு, கியூபாவிலும் பிரேசிலிலும் அடிமைகள் விளைவித்த மலிவுச் சர்க்கரைக்குக் கதவைத் திறந்துவிட்டது. தடையற்ற வணிகத்தின் ஆதரவாளர்கள் அதை ஏழைத் தொழிலாளியின் தேநீருக்குக் கிடைத்த வெற்றியாகக் கொண்டாடினார்கள். ஜமைக்காவின் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடப்பட்டன. 1874-ல் பிரிட்டன் சர்க்கரை வரியையே எடுத்துவிட்டது.

அதற்குள் ஐரோப்பாவில் பீட் வலுத்திருந்தது. அதை வளர்த்தது ஒரு வரிக்கணக்கின் விசித்திரம். ஜெர்மனியில் வரி சர்க்கரைமீது விழவில்லை, ஆலைக்குள் போகும் கிழங்கின் எடைமீது விழுந்தது. சர்க்கரையை ஏற்றுமதி செய்தால், உள்ளே கட்டிய வரியைத் திருப்பித் தருவார்கள். ஒரு கிலோ சர்க்கரைக்கு இத்தனை கிலோ கிழங்கு என்று சட்டம் ஒரு கணக்கை வைத்து அந்தத் தொகையை நிர்ணயித்தது. ஆலைக்காரர்களோ அந்தக் கணக்கைவிடக் குறைந்த கிழங்கில் சர்க்கரை எடுக்கப் பழகினார்கள். பிரான்சில் வில்மொரான் குடும்பத்தார் தொடங்கிவைத்த விதைத் தேர்வும், மெல்லியதாகச் சீவிய கிழங்கை வெந்நீரில் ஊறவைத்துச் சாறு இறக்கும் புதிய முறையும் அவர்களுக்குக் கைகொடுத்தன. கட்டிய வரியைவிடத் திரும்பி வந்த தொகை பெரிதானது. சட்டப் புத்தகத்தில் எங்கும் மானியம் என்ற சொல் இல்லை. ஆனால் ஒவ்வொரு மூட்டை ஏற்றுமதிக்கும் அரசு பணம் கொடுத்துக்கொண்டிருந்தது. பிறகு அந்தக் கூச்சமும் போய் நேரடி மானியமே வந்தது. 1896-ல் ஜெர்மனி அதை இரட்டிப்பாக்கியது. ஆஸ்திரியா, பிரான்ஸ், பெல்ஜியம் எல்லாம் அதே ஓட்டத்தில் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் உலகச் சர்க்கரையில் பாதிக்கு மேல் பீட்டிலிருந்து வந்தது.

இந்த மானியத்தின் பயனை அனுபவித்தது பிரிட்டன். ஜெர்மானிய வரிதாரரின் காசில் லண்டன்காரர் மலிவாகச் சர்க்கரை தின்றார். ஜாம், பிஸ்கட், மிட்டாய்த் தொழில்கள் அந்த மலிவின்மேல் எழுந்தவை. அடி விழுந்தது கரும்பு விளையும் தீவுகளில். 1897-ல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பப்பட்ட அரச விசாரணைக் குழு, மானியம் பெற்ற பீட் சர்க்கரையே அங்குள்ள சீரழிவுக்கு முக்கியக் காரணம் என்று எழுதியது. இந்தியச் சந்தைக்கும் ஜெர்மானிய, ஆஸ்திரியச் சர்க்கரை வந்து குவியத் தொடங்கியது. இந்தியாவை நம்பியிருந்த மொரீஷியஸ் தோட்ட முதலாளிகள் முறையிட, 1899-ல் வைஸ்ராய் கர்சனின் அரசு மானியம் பெற்ற சர்க்கரைமீது ஈடுவரி விதித்தது. பிரிட்டன் தன் சொந்தக் கரையில் தொடத் துணியாத ஒன்றை அதன் குடியேற்ற அரசு செய்துகாட்டியது என்பது கவனிக்க வேண்டியது. லண்டனில் ஜாம் தொழிலுக்கு வாக்கு இருந்தது. கல்கத்தாவில் அப்படி யாரும் இல்லை.

பிரிட்டனின் குடியேற்றத் துறை அமைச்சர் ஜோசப் சேம்பர்லினின் அழுத்தத்தில் 1902 மார்ச் 5 அன்று பிரஸ்ஸல்ஸ் சர்க்கரை உடன்படிக்கை கையெழுத்தானது. கையெழுத்திட்ட நாடுகள் மானியத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தாத நாட்டின் சர்க்கரைக்கு மற்றவை தண்ட வரி விதிக்க வேண்டும். எந்த நாடு மானியம் தருகிறது என்பதைப் பிரஸ்ஸல்ஸில் அமரும் ஒரு நிரந்தர ஆணையம் வாக்கெடுத்து முடிவுசெய்யும். இறையாண்மை உள்ள நாடுகளின் சுங்கவரியைப் பற்றி ஒரு பன்னாட்டு மன்றம் தீர்ப்புச் சொல்வதற்கு இதுவே தொடக்கக்கால உதாரணங்களில் ஒன்று. உலக வர்த்தக அமைப்பு பிறக்க இன்னும் தொண்ணூற்று மூன்று ஆண்டுகள் இருந்தன.

அந்த உடன்படிக்கையின் மூன்றாவது பிரிவு இன்றும் படிக்கத் தகுந்தது. வெளிநாட்டுச் சர்க்கரைமீது விதிக்கும் கூடுதல் வரி, 100 கிலோவுக்கு 6 பிராங்கைத் தாண்டக் கூடாது என்று அது வரம்பு கட்டியது. ஏற்றுமதி மானியத்தை நிறுத்தச் சொன்ன உடன்படிக்கைக்கு இறக்குமதி வரியில் என்ன வேலை? காரணம் இருந்தது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஆலைகள் கூட்டுச் சேர்ந்து, உயர்ந்த சுங்கச்சுவருக்குப் பின்னால் உள்நாட்டு விலையை ஏற்றி வைத்திருந்தன. அந்த லாபத்தைக் கொண்டு மிச்சச் சர்க்கரையை அடக்கவிலைக்கும் கீழே வெளிநாட்டில் தள்ளின. அரசு கஜானாவிலிருந்து ஒரு காசும் வெளியேறவில்லை. உள்ளூர்க்காரர் தன் தேநீர்க் கோப்பைக்குக் கொடுத்த அதிக விலையே ஏற்றுமதிக்கு மானியமாகியது. சுவரின் உயரத்தைக் குறைக்காமல் மானியத்தை நிறுத்த முடியாது என்பதைப் பிரஸ்ஸல்ஸ் பேச்சாளர்கள் 1902-லேயே புரிந்துகொண்டிருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் அதை மறந்தார்கள், அல்லது மறப்பது வசதியாக இருந்தது.

உடன்படிக்கை நீடிக்கவில்லை. 1905 முடிவில் ஆட்சிக்கு வந்த பிரிட்டிஷ் லிபரல் கட்சிக்கு மலிவுச் சர்க்கரைதான் முக்கியம். 1907-ல் பிரிட்டன் தண்ட வரிப் பொறுப்பிலிருந்து விலக்குப் பெற்றது, 1913-ல் வெளியேறியது. மறு ஆண்டே போர் மூண்டு, தன் சர்க்கரையில் பெரும்பகுதியை ஜெர்மனி, ஆஸ்திரியாவிடம் வாங்கிக்கொண்டிருந்த பிரிட்டன் கடைத்தெருவில் பங்கீடு செய்ய வேண்டிவந்தது. அந்தப் பாடத்தின் விளைவாக 1925-ல் பிரிட்டனும் சொந்தமாக பீட் வளர்க்க மானியம் தரத் தொடங்கியது.

அமெரிக்கச் சந்தையைச் சுற்றி இதே கதை அரசுகளையே கவிழ்த்தது. 1875-ல் செய்த உடன்படிக்கையால் ஹவாய்ச் சர்க்கரை வரியில்லாமல் அமெரிக்காவுக்குப் போனது. 1890-ன் மெக்கின்லி வரிச்சட்டம் எல்லா நாட்டுச் சர்க்கரைக்கும் வரியை நீக்கி, அமெரிக்க விவசாயிக்கு மட்டும் பவுண்டுக்கு 2 சென்ட் கொடுத்தது. ஹவாயின் சலுகை ஒரே நாளில் மதிப்பிழந்தது. அமெரிக்காவோடு இணைந்தால் அந்த 2 சென்ட் தங்களுக்கும் வரும் என்ற கணக்கும், 1893-ல் ராணி லிலியுவோகலானியை இறக்கிய தோட்ட முதலாளிகளின் நோக்கங்களில் கலந்திருந்தது. 1894-ல் அமெரிக்கா மறுபடி 40 சதவீத வரி போட்டபோது கியூபாவின் சர்க்கரை வணிகம் சரிந்தது. மறு ஆண்டு அங்கே ஸ்பெயினுக்கு எதிரான கிளர்ச்சி வெடித்தது. கிளர்ச்சிக்கு வேர் வேறு, ஆனால் வேலையிழந்த கரும்புத் தொழிலாளர்கள் அதற்கு ஆட்களாகக் கிடைத்தார்கள்.

இந்தியா தன் சுவரை எழுப்பியது 1932-ல். 1920-களின் முடிவில் ஜாவாவிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் டன் வெள்ளைச் சர்க்கரை வந்துகொண்டிருந்தது. வெல்லம் காய்ச்சும் விவசாயிக்கு விலை இல்லை. சுங்க வாரியத்தின் பரிந்துரைப்படி சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, ஹண்ட்ரட்வெயிட்டுக்கு 7 ரூபாய் 4 அணா வரி வந்தது. அதன்மேல் கூடுதல் வரியும் சேர்ந்தது. அதுவரை முப்பதைச் சுற்றியிருந்த ஆலைகளின் எண்ணிக்கை ஐந்தே ஆண்டுகளில் நூற்று முப்பதைத் தாண்டியது. உத்தரப் பிரதேசமும் பீகாரும் ஆலைச் சங்கு ஒலிக்கும் மாவட்டங்களாக மாறின.

வரி மட்டும் இதைச் செய்யவில்லை. 1912-ல் கோயம்புத்தூரில் தொடங்கப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சார்லஸ் பார்பரும் டி. எஸ். வெங்கடராமனும், தடித்த ‘வெள்ளை’க் கரும்பை ஆற்றங்கரையில் தானாக வளரும் காட்டு நாணலோடு இனக்கலப்புச் செய்தார்கள். அதில் பிறந்த கோ 205 ரகம் 1918-ல் வெளிவந்தது. மெலிந்த தண்டு, ஆனால் வட இந்தியாவின் குளிரையும் வறட்சியையும் தாங்கும். அதைத் தொடர்ந்த ‘கோ’ ரகங்கள் கங்கைச் சமவெளியில் பரவியிருந்ததால்தான், வரி வந்ததும் ஆலைகளுக்கு அரைக்கக் கரும்பு இருந்தது. ஆராய்ச்சியும் சுங்கமும் ஒன்றாகச் சேர்ந்தபோது பாதுகாப்பு பலன் தந்தது என்பதை, பாதுகாப்பு எப்போதும் பொய்க்கும் என்று வாதிடுபவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பலனுக்கான விலை ஜாவாவில் கொடுக்கப்பட்டது. 1930-ல் கிட்டத்தட்ட 30 லட்சம் டன் சர்க்கரை செய்த தீவு, 1935-ல் 5 லட்சம் டன்னுக்கு இறங்கியது. உலகப் பெருமந்தத்தோடு, தன் பெரிய வாடிக்கையாளரையும் இழந்ததன் விளைவு அது. ஆலைகளில் பெரும்பாலானவை நின்றன. நிலத்தை ஆலைக்குக் குத்தகைக்கு விட்டும் கரும்பு வெட்டியும் பிழைத்த ஜாவா விவசாயிக்குக் கையில் காசு வருவதே நின்றுபோனது. உலகச் சந்தையில் சர்க்கரை தேங்கியதால் 1937 மே மாதம் லண்டனில் பன்னாட்டுச் சர்க்கரை உடன்படிக்கை உருவாகி, நாடுகளுக்கு ஏற்றுமதி அளவு பிரித்துக் கொடுக்கப்பட்டது. அப்போதுதான் தன்னிறைவு கண்டிருந்த இந்தியா, பர்மாவைத் தவிர வேறெங்கும் கடல்வழியே சர்க்கரை அனுப்பக் கூடாது என்று அதில் கட்டுப்படுத்தப்பட்டது. இந்தியாவுக்காகக் கையெழுத்துப் போட்டது பிரிட்டிஷ் ஆட்சி. சுவர் கட்டுவதற்கு அனுமதி கிடைத்தது, அதைத் தாண்டி விற்பதற்குக் கிடைக்கவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1947-ல் வந்த காட் (சுங்கவரி, வணிகப் பொது) ஒப்பந்தம் தொழிற்பொருள்களின் சுங்கவரியைச் சுற்றுச் சுற்றாகக் குறைத்தது. விவசாயத்துக்கு மட்டும் பின்வாசல் வைத்தது. உள்நாட்டில் உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் நாடு இறக்குமதிக்கும் அளவு வைக்கலாம் என்ற விதி, அமெரிக்காவின் பண்ணைச் சட்டங்களுக்காகவே வெட்டித் தைக்கப்பட்டது. அதுவும் போதாமல் 1955-ல் அமெரிக்கா தனக்கென்று காலவரம்பற்ற விலக்கு வாங்கிக்கொண்டது. பெரியவன் விலகிய விதியைச் சிறியவனிடம் வற்புறுத்த முடியாமல் போய், விவசாயம் நாற்பது ஆண்டு அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே கிடந்தது.

அந்த வெளியில் வளர்ந்தது ஐரோப்பியப் பொதுச்சந்தையின் சர்க்கரை ஏற்பாடு. 1968 முதல் நடைமுறைக்கு வந்த அதன்படி ஒவ்வொரு நாட்டு ஆலைக்கும் ஒதுக்கீடு உண்டு. அந்த அளவுக்குள் விளையும் சர்க்கரைக்கு அரசே நிர்ணயிக்கும் விலை. பல ஆண்டுகள் அது உலகச் சந்தை விலையைப் போல இரண்டு, மூன்று மடங்காக இருந்தது. ஒதுக்கீட்டுக்கு மேல் விளைந்ததை ‘சி’ சர்க்கரை என்றார்கள். அதற்கு விலை உறுதி இல்லை, மானியமும் இல்லை, அப்படியே ஏற்றுமதி செய்துவிட வேண்டும். கேட்பதற்கு நியாயமாக இருக்கும். ஆனால் ஆலைக்கும் விவசாயிக்கும் நிலைச் செலவு முழுவதையும் ஒதுக்கீட்டுச் சர்க்கரையின் விலையே கட்டிவிட்டது. எனவே ‘சி’ சர்க்கரையை எந்த விலைக்குத் தள்ளினாலும் நட்டமில்லை. 1902-ல் பிரஸ்ஸல்ஸில் பிடித்துக் கட்டிய அதே பேய், அதே ஊரிலிருந்து வேறு சட்டையில் புறப்பட்டது. சர்க்கரை இறக்குமதி செய்துவந்த ஐரோப்பா பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உலகின் பெரிய ஏற்றுமதியாளர்களில் ஒன்றானது.

அந்தச் சுவருக்குள் சில ஏழை நாடுகளுக்கும் இடம் இருந்தது. 1973-ல் பிரிட்டன் பொதுச்சந்தையில் சேர்ந்தபோது, அதற்குக் காலங்காலமாகக் கரும்புச் சர்க்கரை அனுப்பிவந்த முன்னாள் குடியேற்றங்கள் என்ன ஆகும் என்ற கேள்வி எழுந்தது. பதிலாக 1975-ல் லோமே உடன்படிக்கையோடு சர்க்கரை நெறிமுறை இணைக்கப்பட்டது. ஆப்பிரிக்க, கரீபியன், பசிபிக் நாடுகளிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 13 லட்சம் டன்னை, ஐரோப்பிய விலையிலேயே, காலவரம்பின்றி வாங்கிக்கொள்வதாக அது உறுதி தந்தது. மொரீஷியஸுக்கு மட்டும் சுமார் 4.9 லட்சம் டன். பிஜி, கயானா, ஜமைக்கா, சுவாசிலாந்து அடுத்தடுத்து. இந்தியாவுக்கும் தனி ஒப்பந்தத்தில் 10,000 டன் உண்டு. போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் ஏற்றப்பட்ட பழுப்புச் சர்க்கரை லண்டனில் தேம்ஸ் கரையோரம் சில்வர்டவுன் சுத்திகரிப்பு ஆலையில் போய் வெளுத்தது. மொரீஷியஸ் இந்த வருமானத்தை வீணாக்கவில்லை. அங்கே துணி ஆலைகள் எழுந்ததற்குச் சர்க்கரைப் பணமும் முதலாக உதவியது. பார்படோஸுக்கும் செயின்ட் கிட்ஸுக்கும் அது முதலீடாகவில்லை, மூச்சு நிற்காமல் காத்த ஆக்சிஜனாக மட்டுமே இருந்தது.

ஒப்பந்தத்துக்கு வெளியே இருந்தவர்களுக்கு நேர்ந்தது வேறு. உலகில் விளையும் சர்க்கரையில் பெரும்பகுதி காப்பிட்ட சந்தைகளுக்குள்ளேயே விற்றுத் தீர்ந்தது. மீதியே ‘உலகச் சந்தை’. சுவர்களுக்குப் பின்னாலிருந்து விழும் மிச்சங்களின் குட்டை அது. சிறு பற்றாக்குறையும் அங்கே விலையை வானத்துக்கு ஏற்றும், சிறு உபரியும் பாதாளத்தில் தள்ளும். 1974 நவம்பரில் பவுண்டு 60 சென்ட்டைத் தாண்டிய விலை, 1985-ல் 3 சென்ட்டுக்கும் கீழே இறங்கியது. அதே நேரத்தில் அமெரிக்காவுக்குள் அது 20 சென்ட் அளவில் இருந்தது. 1982-ல் ரீகன் அரசு இறக்குமதிக்கு மீண்டும் அளவு வைத்ததால் உயர்ந்த விலை அது. விலை உயர்ந்ததும் அமெரிக்க உணவு, பான ஆலைகள் மக்காச்சோளப் பாகுக்கு மாறின. 1984 நவம்பரில் கோகோ கோலாவும் பெப்சியும் முழுவதுமாக அதற்கு மாறின. வெளிநாட்டுச் சர்க்கரைக்கான ஒதுக்கீடு ஆண்டுக்காண்டு சுருங்கியது.

அதன் அடி பிலிப்பைன்ஸின் நீக்ரோஸ் தீவில் விழுந்தது. 1974 வரை அமெரிக்கச் சந்தையில் சலுகை இடம் வைத்திருந்த தீவு அது. கரும்பைத் தவிர வேறெதுவும் பயிரிடாத பெரும் தோட்டங்கள், நிலமில்லாத தொழிலாளர்கள். அரவை முடிந்து அடுத்த நடவு வரும்வரை கூலியில்லாத மாதங்களை அங்கே ‘செத்த காலம்’ என்பார்கள். 1984, 85-ல் செத்த காலம் முடியவே இல்லை. அதிபர் மார்க்கோஸின் நெருங்கிய கூட்டாளி கையில் இருந்த ஏகபோக வாரியம் ஏற்கெனவே முதலாளிகளை உறிஞ்சியிருந்தது. வங்கிகள் பயிர்க்கடன் மறுத்தன, நிலம் நடப்படாமல் கிடந்தது. நெல்லோ காய்கறியோ போட்டுக்கொள்ளத் தொழிலாளியிடம் ஒரு சாண் மண் இல்லை. வளமான எரிமலை மண்ணுள்ள தீவில் குழந்தைகள் பட்டினியால் மடிந்தார்கள். 1985 செப்டம்பர் 20 அன்று எஸ்கலாந்தே நகரில் ஆர்ப்பாட்டம் செய்த கரும்புத் தொழிலாளர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்து சுமார் இருபது பேர் இறந்தனர். அந்தப் பஞ்சத்தின் பழியைச் சுங்கச்சுவர்மேல் மட்டும் போட முடியாது. நில உடைமையும் சர்வாதிகாரமும் அதில் சமபங்கு.

1986-ல் காட் ஒப்பந்தத்தின்கீழ் தொடங்கிய உருகுவே சுற்றுப் பேச்சில் விவசாயம் முதன்முறையாக முழுமையாக மேசைக்கு வந்தது. 1991 டிசம்பரில் காட் தலைமை இயக்குநர் ஆர்தர் டங்கல் வைத்த வரைவை எதிர்த்து இந்திய விவசாயிகள் தெருவில் இறங்கியது பலருக்கு நினைவிருக்கும். 1995 ஜனவரி 1 முதல் உலக வர்த்தக அமைப்பும் விவசாய ஒப்பந்தமும் நடைமுறைக்கு வந்தன. ஏற்றுமதி மானியம் தருபவர்கள் தங்கள் உச்ச அளவை எழுதிக் கொடுத்து, அதற்குள் நிற்க வேண்டும். சர்க்கரைக்கு ஐரோப்பா எழுதிக் கொடுத்தது 12,73,500 டன். லோமே நாடுகளிடமிருந்தும் இந்தியாவிடமிருந்தும் வாங்கியதற்குச் சமமாக மறு ஏற்றுமதி செய்யும் சுமார் 16 லட்சம் டன் அந்தக் கணக்கில் சேராது என்று ஓர் அடிக்குறிப்பும் போட்டுக்கொண்டது.

2002-ல் பிரேசிலும் ஆஸ்திரேலியாவும், மறு ஆண்டு தாய்லாந்தும் இதன்மேல் வழக்குத் தொடுத்தன. அடிக்குறிப்பால் கடமையைக் குறைக்க முடியாது என்பது முதல் வாதம். ‘சி’ சர்க்கரையும் மானியம் பெற்றதுதான் என்பது இரண்டாவது. 2004 அக்டோபரில் நடுவர் குழுவும், 2005 ஏப்ரல் 28 அன்று மேல்முறையீட்டு மன்றமும் இரண்டையும் ஏற்றன. உயர்ந்த உள்நாட்டு விலையே அரசு நடவடிக்கையால் ஏற்றுமதிக்குப் போய்ச் சேரும் பணம் என்று சொன்ன தீர்ப்பு, பழைய பிரஸ்ஸல்ஸ் உடன்படிக்கையின் மூன்றாவது பிரிவுக்கு எழுதிய உரைபோல இருந்தது. வழக்கில் மொரீஷியஸ், கயானா, பிஜி, செயின்ட் கிட்ஸ் முதலிய நாடுகள் மூன்றாம் தரப்பாக நின்று ஐரோப்பாவின் ஏற்பாட்டுக்கு ஆதரவாக வாதாடின. அவற்றின் உயிர்நாடி அங்கேதான் கட்டப்பட்டிருந்தது. ஏழை நாடுகளின் வெற்றி என்று அந்தத் தீர்ப்பைப் புகழ்ந்தவர்கள், வென்ற பிரேசில் உலகின் மிகப் பெரிய, மிக மலிவான உற்பத்தியாளர் என்பதையும் தோற்றவர்களில் இந்தத் தீவுகளும் உண்டு என்பதையும் அதிகம் பேசவில்லை.

ஐரோப்பா தன் விலையைச் சீர்திருத்தியது. டன்னுக்கு 631.9 யூரோவாக இருந்த வெள்ளைச் சர்க்கரை விலை படிப்படியாக 404.4 யூரோவாக வெட்டப்பட்டது. ஒதுக்கீட்டைக் கைவிடும் ஆலைக்கு டன்னுக்கு 730 யூரோவரை கிடைத்தது. சுமார் 80 ஆலைகள் மூடின. அயர்லாந்தில் கார்லோவும் மால்லோவும் நின்று, பீட் சர்க்கரை உற்பத்தியே அந்த நாட்டில் இல்லாமல் போனது. பீட் விவசாயியின் இழப்பில் பெரும்பகுதியை உற்பத்தியோடு தொடர்பில்லாத நேரடித் தொகையாக அரசு கொடுத்தது. விதிகளின்படி அது வணிகத்தைக் குலைக்காத ‘பச்சைப் பெட்டி’ உதவி, அதற்கு வரம்பில்லை. ஐரோப்பிய ஆலைகளுக்கு ஒதுக்கிய மறுசீரமைப்பு நிதி 500 கோடி யூரோவுக்கு மேல். பதினெட்டு கரும்பு நாடுகளுக்குத் தந்தது மொத்தம் சுமார் 120 கோடி. காலவரம்பில்லாதது என்று எழுதப்பட்டிருந்த சர்க்கரை நெறிமுறையையும் ஐரோப்பா ரத்து செய்தது. அது 2009-ல் முடிவுக்கு வந்தது. 2017 அக்டோபரில் ஒதுக்கீட்டு முறையும் போனது.

செயின்ட் கிட்ஸ் காத்திருக்கவில்லை. மூன்றரை நூற்றாண்டு கரும்பு விளைந்த அந்தத் தீவு 2005-ல், தீர்ப்பு வந்த சில மாதங்களிலேயே, ஆலையை இழுத்து மூடியது. சுமார் 1,500 பேர் வேலை இழந்தார்கள். கரும்பு ஏற்றிய குறுகிய ரயில்பாதையில் இப்போது சுற்றுலாப் பயணிகள் போகிறார்கள். மொரீஷியஸ் பல ஆலைகளை மூன்றாகச் சுருக்கி, கரும்புச் சக்கையில் மின்சாரம் எடுத்து, சிறப்பு வகைச் சர்க்கரைகளுக்கு நகர்ந்து சமாளித்தது. இழப்பு சிறு விவசாயிகளுக்கு. கற்களை அகற்றி இயந்திர அறுவடைக்கு நிலத்தைத் தயார்செய்ய முடியாதவர்கள் வயலைத் தரிசாக விட்டார்கள். பிஜியில் விலை வீழ்ச்சியோடு குத்தகை முடிந்த நிலங்களும் சேர்ந்து கரும்பு உற்பத்தியைப் பாதிக்குக் கீழே இறக்கின.

கயானா நேர்மாறாகப் பந்தயம் கட்டியது. விலை குறைந்தால் அளவைக் கூட்டலாம் என்று ஸ்கெல்டனில் பெரும் செலவில் புதிய ஆலை கட்டி 2009-ல் திறந்தது. அது ஒருநாளும் எதிர்பார்த்தபடி அரைக்கவில்லை. 2017 முடிவதற்குள் ஸ்கெல்டன், ரோஸ் ஹால் உள்ளிட்ட நான்கு தோட்டங்கள் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். ஸ்கெல்டனும் ரோஸ் ஹாலும் இருந்த பெர்பிஸ் பகுதி, சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்பு வெட்டப் போனவர்களின் சந்ததியார் மாரியம்மனுக்கும் காளிக்கும் இன்றும் பூசை செய்யும் ஊர்களைக் கொண்டது. மூதாதையரைக் கப்பலேற்றிய பயிர் நான்கைந்து தலைமுறைக்குப் பின் அவர்களைக் கைவிட்டது.

அடுத்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டது இந்தியா. 2009 முதல் மத்திய அரசு கரும்புக்கு நியாய ஆதாய விலையை நிர்ணயிக்கிறது. அதைக் கட்டுவது ஆலைதான், அரசு அல்ல. சர்க்கரை விலை இறங்கும் ஆண்டுகளில் ஆலையிடம் பணம் இருக்காது, விவசாயியின் நிலுவை ஏறும். நிலுவை ஏறினால் தேர்தல் கண்முன் வரும். உபரியை வெளியே தள்ள ஏற்றுமதி உதவி அறிவிக்கப்படும். 2019-20-ல் அந்த உதவி டன்னுக்கு 10,448 ரூபாயாக இருந்தது. பிரேசில், ஆஸ்திரேலியா, குவாதமாலா 2019-ல் வழக்குத் தொடுத்தன. விலையைத் தருவது ஆலை என்பதால் அது அரசு ஆதரவாகாது என்றது இந்தியா. 2021 டிசம்பர் 14 அன்று நடுவர் குழு அதை ஏற்கவில்லை. 2014-15 முதல் ஐந்து பருவங்களுக்கும் ஆதரவு, வளரும் நாடுகளுக்கான 10 சதவீத வரம்பைத் தாண்டிவிட்டது என்றது.

அந்தக் கணக்கு எப்படிப் போடப்பட்டது என்பதில்தான் இந்தியாவின் மனக்குறை. இன்றைய கொள்முதல் விலையிலிருந்து 1986-88-ன் சராசரிச் சர்வதேச விலையைக் கழித்துப் பார்க்கிறது விவசாய ஒப்பந்தம். முப்பதாண்டுப் பணவீக்கத்துக்கு அதில் இடமில்லை. அன்று பெரும் மானியம் தந்துகொண்டிருந்த நாடுகள் அதைப் பச்சைப் பெட்டிக்கு மாற்றிக்கொள்ள வழி கிடைத்தது. கோடிக்கணக்கான சிறு விவசாயிகளுக்கு அந்த அளவுக்குப் பணம் கொடுக்க வசதியில்லாத நாட்டுக்கு விலை ஆதரவுதான் ஆயுதம். அந்த ஆயுதத்துக்கோ உறைந்துபோன அளவுகோல். வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தியாவின் மலிவு ஏற்றுமதி உலக விலையை அழுத்தியபோது அடிபட்டவர்களில் தாய்லாந்தின் சிறு கரும்பு விவசாயியும் உண்டு என்பதை அந்த வாதம் தொடுவதில்லை.

இந்தியா மேல்முறையீடு செய்தது. அதைக் கேட்க மன்றம் இல்லை. புதிய நடுவர் நியமனங்களை அமெரிக்கா தொடர்ந்து தடுத்ததால் 2019 டிசம்பரிலேயே மேல்முறையீட்டு மன்றம் செயலிழந்திருந்தது. மேல்முறையீடு முடிவாகும்வரை நடுவர் குழுவின் அறிக்கை கட்டுப்படுத்தாது. இடையில் உள்நாட்டு விலைக்குப் பயந்து 2022 முதல் இந்தியாவே சர்க்கரை ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, அடுத்த ஆண்டு ஏறத்தாழ நிறுத்தியும்விட்டது. எத்தனாலுக்கும் கரும்பு திருப்பிவிடப்பட்டது. தீர்ப்பு ஒருபுறம் தொங்க, வழக்கின் பொருளான ஏற்றுமதி மறுபுறம் வறண்டது.